இருபத்து நான்கில் ஐந்து

தமாலேயில் ஹார்மட்டான் புழுதி
கரும்பலகையை வெளுக்க வைத்திருக்கிறது.
போன வருஷம் வரை இந்தப் பாடம்
கண்மூடி ஒப்பிக்கிற வரிகள்.
புதுப் பாடத்திட்டத்தில் கணக்கு:

ஒருவர் மரணித்தார்.
மனைவி, மகள்கள் இருவர், தம்பி ஒருவர்.
பாகம் பிரிக்க. வழிமுறையும் காட்டுக.

மற்றவர்கள் எட்டையும் மூன்றையும் பெருக்கிக்கொண்டிருக்க
ஸுவேரா முடித்துவிட்டாள்:
அம்மாவுக்கு மூன்று.
எங்களுக்கு ஆளுக்கு எட்டு.
சித்தப்பாவுக்கு ஐந்து.

அஃபா யாக்குபு குனிந்து பார்க்கிறார்.
"மனைவி என்று எழுது,
அம்மா இல்லை."

அவள் அழிக்கவில்லை.
ஐந்தின் கீழே இரண்டு கோடு இழுக்கிறாள்.
சந்தைத் துணிக்கடையின் சாவி
சித்தப்பாவின் சட்டைப்பையில் கிலுங்குவது
இங்கேயே கேட்கிறது.

மணி அடித்ததும்
நோட்டைக் கொடுக்கிறாள்,
ஒரு தாள் குறைவாக.