தட்டச்சுக் கட்டணம்

கம்மனஹள்ளி மெயின் ரோட்டில்
கறிக்கடைக்கும் சிம்கார்டு கடைக்கும் நடுவே
ஆறடி அகலம் என் கடை.
வாடகை ஒப்பந்தம், பெயர் மாற்றம், காணவில்லைப் புகார்,
எதுவானாலும் பக்கத்துக்கு எண்பது ரூபாய்.

ஆரோக்கியசாமி வந்தார். பின்னாலேயே நகாட்டோ,
பார்மசி மூன்றாம் வருடம், கம்பாலாக்காரி.
அட்வான்ஸ் ஒரு லட்சத்தில்
பெயிண்டுக்கு நாற்பது, "வாடை போக" முப்பது
கழித்திருந்தார்.
மீதியை அடுத்த மாதம் பார்க்கலாமாம்.

படியேறும்போதே இவர் சொன்னது: கரிச்சட்டி.
அவள் சொன்னது: இந்தியர்கள் எல்லாருமே திருடர்கள்.
அவளுக்குத் தமிழ் தெரியாது.
அந்த ஒரு சொல் தெரியும்.

"பாத்தியாப்பா, எல்லாரும்னு சொல்றா.
உன்னையும் சேத்துத்தான்.
இதுவும் இனவெறிதானே? அடி ஒரு புகார்."

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.
அவர் கறுப்பு. நான் அவரைவிட ஒரு பிடி கூட.
அந்த ஆறடிக்குள் வெள்ளையாக இருந்தது
முத்திரைத்தாள் மட்டும்.

இரண்டு சொல்லையும் தராசில் போட்டால்
அவளுடையதுதான் கனமோ என்னவோ.
ஒரு தேசத்தையே வளைத்துப் பிடித்துவிட்டாளே.
ஆனால் சொல் தனியாக வந்து நிற்பதில்லை.
அவளுடையதற்குப் பின்னால்
சக்கரம் உடைந்த ஒரு சூட்கேஸ்,
ஏப்ரலில் முடிகிற விசா.
இவருடையதற்குப் பின்னால்
தண்ணீர்த் தொட்டியின் வால்வு, மீட்டர் பெட்டி, வாட்ச்மேன்,
மகள் நிச்சயதார்த்தத்துக்கு வந்து சாப்பிட்டுப் போன இன்ஸ்பெக்டர்,
விசைப்பலகையில் விரல் வைத்தபடி நான்.

அவள் திட்டினாள்.
இவர் திட்டிவிட்டு வீட்டைப் பூட்டினார்.
வித்தியாசம் அந்தப் பூட்டு என்று சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.

அப்பா ஞாபகத்துக்கு வந்தார்.
காவிரிக் கலவர டிசம்பரில்
இதே சுவரிலிருந்து தமிழ்க் காலண்டரைக் கழற்றி
அரிசி டின்னுக்கு அடியில் வைத்தவர்.
மூன்று நாள் தெருவில் கன்னடம் மட்டுமே பேசினார்.
ராத்திரி கதவைச் சாத்தி, ரேடியோவைக் கூட்டிவைத்து,
அந்தச் சனம் மொத்தத்தையும்
பாட்டன் முப்பாட்டன்வரை திட்டித் தீர்த்தார்.
போர்வைக்குள் கிடந்து கேட்டேன்.
அது வெறுப்பில்லை என்று சொல்லமாட்டேன்.
அதனால் ஒருவரும் வீடிழக்கவில்லை, அவ்வளவுதான்.
அது செத்துப்போனது என்றும் சொல்லமாட்டேன்.
கைக்கு ஒரு சாவி வரும்வரை
போர்வைக்குள்ளேயே கிடக்கும்.

"ஜனாங்கீய நிந்தனை" என்று கன்னடத்தில் அடித்தேன்.
திரை அதன் அடியில் சிவப்புக் கோடு போட்டது.
அதற்கு அந்தச் சொல் பழக்கமில்லை.
அப்படியே விட்டு அச்சுக்கு அனுப்பினேன்.

தாள் வெளிவரும் நேரத்தில்
நகாட்டோ குனிந்து
மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த விலைப்பட்டியலைப் படித்தாள்.
எண்பதின்மேல் விரல் வைத்தாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்.

போன ஜூனில் அவள் ஒப்பந்தம் இரண்டு பக்கம்.
அறுநூறு வாங்கியிருந்தேன்.
யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.
கேட்க அவளுக்கு ஆளில்லை என்று
எனக்கே தெரிந்திருந்தது.

ஆரோக்கியசாமி எண்பது கொடுத்தார்.
சரியான சில்லறை.