பதக்கங்கள்: நில்

மஞ்சக்குப்பம் முன்னாள் படைவீரர் அலுவலகத்தில்
என்னுடையது மூன்றாவது மேஜை.
மின்விசிறிக்குக் கீழே சூப்பிரண்டு,
அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு பீரோ.
பாவாடைசாமி என்னிடம்தான் வருவார்,
நெல்லிக்குப்பம் பஸ்ஸில் இறங்கி,
சட்டையில் கரும்பாலை வாசத்தோடு.

முதல் நாள்
டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பிரித்து வைத்தார்.
தானே புயலில் ட்ரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் போய்
தாளெல்லாம் அப்பளமாய் நெளிந்திருந்தது.
பதினோராம் பக்கத்தில் மட்டும் மை கலையவில்லை.
பதக்கங்கள் என்ற கட்டத்தில்
மூன்றே எழுத்து: என், ஐ, எல்.

"இதை எப்படிப் படிப்பீங்க?"
"நில்" என்றேன், யோசிக்காமல்.
"அதேதான்.
எழுபத்தஞ்சுல வெளியே வந்தேன்.
அன்னிக்கு நில்லுன்னு சொன்னது.
கலையச் சொல்ல யாரும் வரலை."
சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.
பல மேஜைகளில் சிரித்துத் தேய்ந்த சிரிப்பு.

விண்ணப்பம் பெங்களூருக்கு, மூன்று படிகள்.
எந்தப் போர்?
எழுபத்தொண்ணு.
எந்த இடம்?
பசந்தர் ஆறு. மார்கழி பிறந்த ராத்திரி.
என்ன பணி?
"கண்ணிவெடி பொறுக்கினோம்" என்றார்,
முந்திரிக்கொட்டை பொறுக்கினோம் என்பது போல.
சாட்சி?
அஞ்சாபுலி. குறிஞ்சிப்பாடிக்காரன்.
அவர் கையெழுத்து வேணுமே, ஐயா.
அந்த ராத்திரியே போயிட்டான்மா.

இறந்தவர் சாட்சி செல்லாது.
விதி அது, நான் எழுதியதில்லை.
ஆனாலும் சொன்னது என் வாய்தான்.

வேட்டியை முழங்கால் வரை தூக்கினார்.
தோலுக்கடியில் கறுப்பாக,
புளியங்கொட்டை அளவில் ஒன்று.
"தொட்டுப் பாருங்க, நகரும்."
நான் தொடவில்லை.
அரசு ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினேன்.
எக்ஸ்ரே வந்தது. இணைப்பு நான்கு.
அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த சூப்பிரண்டு
ஒன்றரை வருடத்தில் முதல் முறையாக அவரிடம்
"உட்காருங்க" என்றார்.

பிறகும் இரண்டு முறை திரும்பி வந்தது.
நகல் தெளிவில்லை என்று ஒரு முறை.
பெயரைப் பார்த்துப் பெண்ணென்று நினைத்து
விதவைக்கான படிவத்தை அனுப்பினார்கள் ஒரு முறை.
"பாவாடைராயன் கோயிலைப் பார்த்ததில்ல போல" என்றார்.
கெடிலத்தில் இரண்டு வெள்ளம் வந்து போனது.

கடைசியில் ஒரு வியாழக்கிழமை
சிவப்பு மையில் அடித்து, சுருக்கொப்பம் இட்டு,
பதினோராம் பக்கம் வந்து சேர்ந்தது.
பஸ்சிமி ஸ்டார், சங்கிராம் மெடல், காயப் பதக்கம்.
மூன்று எழுத்தின் மேல் ஒரு கோடு.
இனிப்பு வாங்கி வருவார் என்று நினைத்தேன்.
கோட்டை விரலால் ஒரு தடவை தடவினார்.
பிறகு கேட்டார்:
"அஞ்சாபுலி பக்கத்துல என்னம்மா போட்டிருக்கு?"

பீரோவைத் திறந்து
மாவட்டப் பதிவேட்டை எடுத்தேன்.
தேட வேண்டியதில்லை, அகர வரிசையில் முதல் பக்கம்தான்.
அதே என், ஐ, எல்.

மனைவி இல்லை, பிள்ளை இல்லை.
பெற்றவர்கள் போய்விட்டார்கள்.
வீடு இருந்த இடத்தில் பெட்ரோல் பங்க்.
ரத்த உறவு மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்று
படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது.
விரலால் மறைத்துக்கொண்டு கேட்டேன்,
"நீங்க அவருக்கு என்ன முறை?"

வெகு நேரம் யோசித்தார்.
வெளியே பண்ருட்டி பஸ் வந்து, நின்று, போனது.
"முன்னால போறவன் கால் வச்ச இடத்துலதான்
பின்னால வர்றவன் வைக்கணும்.
அவன் முன்னால.
நான் அஞ்சடி பின்னால."

திரும்பி வரும், தெரியும்.
எதற்குத் திரும்பி வரும் என்றும் தெரியும்.
பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன்.

இறந்தவருக்கு விண்ணப்பதாரரின் உறவுமுறை:
ஐந்தடி பின்னால்.