பதினெட்டாம் பிரிவு

ஆர்டிஸ் ட்வைட்டின் மேசையில், இடப்பக்கம், கீழ் இழுப்பறை.
ஐம்பதாயிரம் டாலர் அங்கேதான் தூங்கியது:
மூன்று தாள், ஒரு ஊதா முத்திரை,
முதல் பக்கத்திலேயே "தவறும் பட்சத்தில்" என்று.

கோல்டர் ஃபோர்க்கில் மூவாயிரத்து நூறு பேர்,
ஒரு தானியக் கிடங்கு, ஒன்றோடொன்று பேசாத இரண்டு லூத்தரன் தேவாலயங்கள்,
நவம்பர் பிறந்தால் ஏப்ரல் வரை
இரும்பாகிப் போகும் மண்.

கேபிள் கம்பெனிக்காரர்கள் டோனட்டோடு வந்தார்கள்.
எல்லாத் தெருவுக்கும் அடியில்
பதினைந்து ஆண்டு உரிமை கேட்டார்கள்.
டுவேன் கெஸ்லர் விரலிலிருந்த சர்க்கரையைத் துடைத்துக்கொண்டு,
"நல்ல மனுஷங்க. நம்ம பேஸ்பால் பையன்களுக்குச்
சட்டை வாங்கித் தந்தவங்க.
இவங்களிடம் போய்ப் பிணை கேட்பதா?
பதினெட்டாம் பிரிவை அடித்துவிடலாம்" என்றார்.

நகர எழுத்தருக்கு வாக்கு இல்லை.
குறிப்பெடுப்பதோடு சரி.
ஆர்டிஸ் பேனாவை மூடினாள்.
"அந்தச் சட்டை
முதல் சலவையிலேயே சாயம் போயிற்று."

மூன்றுக்கு இரண்டில் பிரிவு பிழைத்தது.

விசித்திரமான எழுத்து அது.
கையெழுத்திடும் மூவரும்
இதை யாரும் எடுத்து வாசிக்க நேரக்கூடாது என்று
வேண்டிக்கொண்டே கையெழுத்திடுகிறார்கள்.
ஒருவன் செய்வேன் என்கிறான்.
ஊர் சரி என்கிறது.
எங்கோ கிழக்குக் கரையில், இருவரையும் பார்த்திராத மூன்றாமவன்
அவன் செய்யாமல் போவதற்கு ஒரு விலை குறிக்கிறான்.
ஆண்டுக்கு அறுநூறு டாலர்,
சந்தேகத்துக்கு வாடகை.

பிணை என்ற சொல்லைத் திறந்து பார்த்தால்
உள்ளே ஒரு கட்டு, ஒரு ஜாமீன்,
ஓரமாக, காதை நிமிர்த்தியபடி,
ஒரு பெண்மான்.

மூன்றாம் ஆண்டு கம்பெனி கைமாறியது.
கோடையில் மறுபடி கைமாறியது.
பிறகு தொலைபேசியை ஒரு பதிவுக் குரல் மட்டும் எடுத்தது,
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று.
ஏழாம் தெருவிலிருந்து பதினொன்றாம் தெரு வரை
அரை மைல் பள்ளம் வாய் மூடவில்லை.
ஒலீட்டா பிராண்ட்வோல்ட் தன் தபால்பெட்டிக்குப் போக
யாரோ ஒரு கொட்டகைக் கதவைக் கழற்றிப் பாலம் போட்டார்கள்.
அவள் அதன்மேல் போகும்போதெல்லாம்
கைப்பிடிச் சட்டம் டக் டக் என்றது.

செப்டம்பரில் ஒரு விடியலில்
நிஜமாகவே ஒரு பிணைமான் அதற்குள் விழுந்தது.
மூன்று பேர், ஒரு கயிறு, நிறைய வசவு.
மேலே வந்ததும் அது நன்றி சொல்லவில்லை;
டுவேன் கெஸ்லரின் தொடையில் ஒன்று கொடுத்துவிட்டு
சோளக்காட்டுக்குள் போயிற்று.
அடுத்த கூட்டத்தில் அவர் ஒருக்களித்து உட்கார்ந்தபடி
தீர்மானத்தை முன்மொழிந்தார்.

ஆர்டிஸ் அதற்கு முன்பே வாசித்திருந்தாள்:
பிணை அக்டோபர் முப்பத்தொன்றோடு தீரும்;
முப்பது நாள் முன்னால், பதிவுத் தபாலில்,
அவர்கள் கையில் சேர வேண்டும்.
அன்று செப்டம்பர் இருபத்தெட்டு.
தபால் நிலையம் நாலரைக்கு மூடும்.
நாலு இருபத்தாறுக்கு ரசீது கிழிந்தது.

பதிலாக மூன்று கடிதம் வந்தது, மூன்றும் கேள்வி.
ஆழம் எவ்வளவு? அளந்தது யார்?
தொடக்கத்திலேயே பள்ளம் இருந்ததா?
இரும்பு நாடாவோடு அவளே இறங்கினாள்,
அலுவலகக் காலணியோடு.
நாலடி இரண்டங்குலம் என்று எழுதினாள்.
நாலடி என்று சுருக்கவில்லை.

வந்தது நாற்பத்தோராயிரம்.

மண் உறைவதற்குள் லாரிகள் ஓடின.
கடைசி அறுபது கஜத்தைப் பனி முந்திக்கொண்டது;
ஜல்லியைக் கொட்டி, வசந்தத்தில் பார்க்கலாம் என்றார்கள்.
இந்த வசந்தத்தில் வேறொரு கம்பெனி வந்தது,
ஜாம் வைத்த டோனட்டோடு.
"பதினெட்டாம் பிரிவு கொஞ்சம் கடுமையாக இருக்கிறதே?"
கெஸ்லர் தொடையைத் தடவிக்கொண்டார்.
ஆர்டிஸ் எழுதிக்கொண்டிருந்தாள்.

பதினொன்றாம் தெரு முனையில் கார்கள் இன்னும் ஒருமுறை துள்ளுகின்றன.
அந்த இடம் வருமுன்
காப்பிக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொள்ள
ஊர் பழகிவிட்டது.