பழைய எண்

ஆரப்பாளையத்தில்
உசிலம்பட்டி வண்டி எடுக்க இன்னும் கால் மணி.
முந்தானையைக் கூரையாகப் பிடித்தால்தான்
திரை தெரிகிறது.

கேஸ் கணக்கில் கைபேசி எண்ணை மாற்ற வேண்டும்.
அவ்வளவுதான் வேலை.
கடைசிப் பெயர் கேட்டது, ஒற்றை எழுத்து போதாதாம்.
அப்பா பெயரை முழுசாக இறக்கினேன்,
பேசாமல் வாங்கிக்கொண்டது.

புது எண்ணைத் தட்டினால்
பழைய எண்ணுக்கு ஆறு இலக்கம் அனுப்பியிருக்கிறதாம்.
எல்லாம் புள்ளி, கடைசி இரண்டு மட்டும் வெளியே.
நாற்பத்தேழு.
பதினோரு மாதமாய் நான் கூப்பிடாத நாற்பத்தேழு.

மூன்றாவது மணியில் எடுத்தான் அழகுராஜா.
பின்னால் லேத் ஓடுகிற சத்தம்.
"ஓடிபி வந்துச்சா?"
"வந்துச்சு.
யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு போட்டிருக்கு."
சிரித்தானா, தெரியவில்லை.

நாலு, ஒன்பது, ஒன்பது, சுழி
"செக்கானூரணி செக்கானூரணி" என்று
கண்டக்டர் காதோரம் கத்தியதில்
ஐந்தாவது எங்கோ விழுந்துவிட்டது.
தேடுவதற்குள்
நேரம் முடிந்தது என்றது சிவப்பு எழுத்து.

மறுபடி அனுப்பு.
முப்பது நொடி பொறு என்றது.
அந்த முப்பது நொடியும்
இரண்டு பேருமே வைக்கவில்லை.
லேத்தை நிறுத்தியிருந்தான்.

இந்த முறை ஒவ்வொன்றாக.
நான் "ம்" சொன்ன பிறகே அடுத்தது.
ஆறும் முடிந்து பச்சை டிக் விழுந்தது.

"இனிமே எனக்கு வராதுல்ல?" என்றான்.

"ம்."

அடுத்தது ஏதும் வரவில்லை.
வண்டி உறுமிக்கொண்டு நின்றது.
அங்கே லேத் திரும்ப ஓடத் தொடங்கியதும்
நான்தான் வைத்தேன்.