பதினோரு மாதம், பத்தொன்பது நாள்

விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் மிகச் சின்னது.
அனுபவம், மாதங்களில்.
பதினொன்று என்று போட்டால்
அடுத்த பக்கத்துக்குப் போகிற பொத்தான்
சாம்பல் நிறத்திலேயே கிடக்கிறது.
பன்னிரண்டு போட்டுப் பார்த்தேன், சும்மா.
உடனே பச்சை.
அழித்துவிட்டேன்.

குத்தாய்சியில் எங்கள் கட்டட லிப்டுக்குக் காசு போட வேண்டும்.
பொத்தான்களுக்குப் பக்கத்தில் ஓர் இரும்புப் பெட்டி,
மேலே போக ஒரு நாணயம்.
இறங்குவது மட்டும் இலவசம்.
கோச்சாவின் கம்பெனியில் நான்
அந்தப் பெட்டிகளைத் திறந்தேன்,
கம்பிக்கயிறுகளுக்குக் கிரீஸ் தடவினேன்,
எட்டாம் மாடிக்கும் ஒன்பதாம் மாடிக்கும் நடுவே
சிக்கிக்கொண்ட ஒரு பியானோவை
கீறலில்லாமல் இறக்கினேன்.
வருடம் நிறையப் பதினோரு நாள் இருக்கையில்
கோச்சா கடன்காரர்களுக்குப் பயந்து
எல்லை தாண்டி டிராப்சானுக்கு ஓடினார்.
கதவில் பெரிய பூட்டு.
என் கடைசிச் சம்பளம் அதற்கு உள்ளே இருந்ததா
அவரோடு போனதா, இன்றுவரை தெரியாது.

இப்போது வின்னிபெக். பிப்ரவரி.
மூக்குக்குள் மயிர் உறைகிற குளிர்.
ஹோட்டலின் அடித்தளத்தில் துணி வெளுக்கிறேன்.
இதில் இரண்டு வருடம் ஆகிவிட்டது,
ஆனால் அந்தக் கட்டம் இதைக் கேட்கவில்லை.
படுக்கை விரிப்பு துவைப்பதில் திறன் இல்லையாம்.

இஸ்திரி எந்திரத்துக்கு அந்தப் பக்கம் செம்ஹார்.
அஸ்மராவில் பல் வைத்தியம் படித்து
நாலே மாதம் பிடுங்கினாள்.
"உன்னைவிட நான் ஏழு மாசம் இளையவள்" என்பாள்.
எங்கள் வயதை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறோம்.
விரிப்பின் இரண்டு முனை அவளிடம், இரண்டு என்னிடம்.
நெருங்கி, மடித்து, விலகி,
மணிக்கு அறுபது.

போன மாதம் கோச்சா போனில் வந்தார்.
"ரெண்டு வருஷம்னு எழுதித் தரேன்டா.
முத்திரை என்கிட்டதான் இருக்கு, எனக்கென்ன போச்சு?"
வேண்டாம் என்றேன்.
நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள். பயம்.
பொய் பிடிபட்டால் ஐந்து வருடம் கதவடைப்பு
என்ற வரியை
மூன்று தடவை படித்திருந்தேன்.

நேற்றிரவு பணியாளர் லிப்ட் நின்றுபோனது.
உள்ளே சமையலறை மரிசெல், ஒரு தள்ளுவண்டி,
ஆறிக்கொண்டிருக்கும் பதினாறு கிண்ணம் சூப்.
கதவில் காதை வைத்தேன்.
ரிலே இழுக்கிறது, விடுகிறது,
இழுக்கிறது, விடுகிறது,
தூக்கம் வராதவன் புரளுவதுபோல.
மூன்றாம் மாடிக் கதவுப் பூட்டில் தொடுமுனை அழுக்கு.
பென்சில் ரப்பர் போதும். இரண்டு நிமிடம்.

மேலாளர் டெரில் என் கையைப் பார்த்தார்.
"லைசென்ஸ் இருக்கா?"
இல்லை.
"அப்ப தொடாதே."

தொடவில்லை.
கதவிடுக்கில் வாயை வைத்து மரிசெலோடு பேசினேன்.
மொத்தம் ஐந்து கயிறு, ஒன்றே தாங்கும் என்றேன்.
"உனக்கெப்படித் தெரியும்?"
"பதினோரு மாசம் பத்தொன்பது நாள்
அதைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."
உள்ளே கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு கிண்ணத்தில் கரண்டி படும் ஓசை.

மெக்கானிக் வர மூன்று மணி நேரம்.
வெர்ன் ஃப்ரீசன் என்று சட்டையில் தைத்திருந்தது,
பூட்ஸ் முழுக்கப் பனி.
"மூணாம் மாடி, கதவுப் பூட்டு" என்றேன்,
சுவரோரம் ஒதுங்கி நின்றபடி.
அவர் முதலில் மோட்டார் அறைக்குப் போனார்.
பிறகு மின்பலகை.
கடைசியில்தான் மூன்றாம் மாடி.
ரப்பர் தேடவில்லை, புதிதாகவே மாற்றினார்.
இரண்டு நிமிடம்.
மரிசெல் வெளியே வந்து
பதினைந்து கிண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போனாள்.

கைதுடைத்தபடி ஃப்ரீசன் கேட்டார்,
எத்தனை நாள் இந்த வேலை பார்த்தாய்.
சொன்னேன், நாட்களையும் சேர்த்து.
அவர் சிரிக்கவில்லை.
நோட்டில் எதையோ குறித்தார்.
என் பெயரா, அவருடைய மூன்று மணி நேரக் கூலியா,
எட்டிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

கழற்றிப்போட்ட தொடுமுனை தரையில் கிடந்தது,
கறுத்த பித்தளை, நகத்தளவு.
எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
படியில் இறங்கினேன்.
கீழே, ஈர விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்தபடி
செம்ஹார் நின்றிருந்தாள்.
"எங்கே போனாய்" என்றாள்,
"பாதி தரையில் இழுபடுகிறது."