எந்தப் பக்கம் மேலே

முப்பத்தோரு வருஷம்
தொசிந்தாவுக்குப் பெட்டி அடித்தவன் நான்.
பைன் பலகை, திருகாணி, உள்ளே கம்பளி.
கலையைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.
நீளம் அகலம் உயரம் கேளுங்கள், சொல்கிறேன்.

கலீசியாவின் மேற்கு ஓரம். மழை
விருந்தாளியாக வராமல்
வீட்டுக்காரனாகவே இருக்கும் ஊர்.
அவள் அப்பன் பெனீத்தோ
பாறையில் ஒட்டும் பெர்செபே பறிப்பவன்.
அலை பின்வாங்கும் பன்னிரண்டு நொடிக்குள்
இறங்கி, கெல்லி, ஏறிவிட வேண்டும்.
இடுப்புக் கயிற்றின் மறுமுனை
ஒன்பது வயதிலிருந்து அவள் கையில்.

படகுக்கு அடித்து மிஞ்சிய சாயத்தைத்தான்
அங்கே வீட்டுச் சுவருக்கு அடிப்பார்கள்.
பச்சை வீடென்றால் பச்சைப் படகு.
படகு திரும்பாத வீடுகள்
அதே நிறத்தில் வெளுத்துக்கொண்டிருக்கும்,
மறுபூச்சுக்கு டப்பா இல்லாமல்.
டின் மீன் ஆலையில் வேலை விட்டதும்
அந்த டப்பாக்களின் அடியைச் சுரண்டி
அட்டைப் பெட்டிகளில் பூசுவாள்.
அப்படித்தான் ஆரம்பம்.

மத்ரீதில் முதல் கண்காட்சி. வயது முப்பத்தெட்டு.
என் முதல் பெட்டியும் அதுதான், கோணலாக.
வெல்வெட் கோட்டுப் போட்ட ஒருவர்
ஒரு நீலத்தின் முன் வெகுநேரம் நின்று
'ஆன்மாவின் தனிமை' என்று குறித்துக்கொண்டார்.
"அது எலிசியோ மாமாவின் படகு" என்றாள்.
"நன்றாகத்தான் இருக்கிறது. மத்தி பிடிக்கிறது."
பதினான்கு படம் விற்றது.
அப்புறம் பணம், பாரிஸ், பல் கட்டியது,
ஒரு கல்யாணம்.
அது முடிந்தபோதும் என்னைக் கூப்பிட்டாள்.
அந்த ஆளின் பியானோவுக்குப் பெட்டி.

எண்ணெய்க் கப்பல் உடைந்த குளிர்காலம்
அவளுக்கு நாற்பத்தாறு.
கரை முழுக்கத் தார். ஊரே மண்வெட்டியோடு இறங்கியது.
அவள் ஓவியக் கத்திகளை
வாளியில் போட்டுக்கொண்டு வந்தாள்.
எல்லாரும் சிரித்தோம்.
மூன்று மாதம், பாறை பாறையாக,
இடுக்கு இடுக்காகச் சுரண்டினாள்.
அப்பன் ஏறிய பாறைகள்.
கயிற்றின் இந்த முனையில் நின்றவள்
அதுவரை அவற்றைத் தொட்டதே இல்லை.
மார்ச்சில் கத்தியெல்லாம் தேய்ந்து முடிந்தது.
ஏப்ரலில் உளி வாங்கினாள்.

படம் வாங்கியவர்களுக்குக் கோபம்.
கருங்கல்லுக்கு எவ்வளவு கூலி கேட்பது என்று எனக்கும் குழப்பம்.
முதல் ஐந்து வருஷம் கல் அவளுக்கு வசப்படவில்லை.
பிளந்தது. முனை சிதறியது.
பாதி, துறைமுகச் சுவருக்குள் அடைகல்லாகப் போயிற்று.
இதை யாரும் எழுத மாட்டார்கள்.
வண்டியில் ஏற்றியவன் நான்.

கடலில் போனவர்களுக்கு நினைவுச்சின்னம் வேண்டும் என்றது நகராட்சி.
அவள் தந்தது முழங்கால் உயரக் கல்.
நடுவில் ஒரு குழி,
மழை பெய்தால் நாலு நாள் தண்ணீர் நிற்கும்.
மேயர் இரண்டு தரம் சுற்றி வந்தார்.
"மாலுமி எங்கே?"
"இன்னும் வரவில்லை."
இப்போது பெண்கள் அதில் சிப்பி அலசுகிறார்கள்.
ஒரு நாய் குடிக்கிறது.

போன நவம்பரில் இறந்தாள்.
கடைசிக் கல்லை அருங்காட்சியகம் கேட்டது.
பட்டறைக் கதவு ஒரு மீட்டர் பத்து,
கல் ஒரு மீட்டர் நாற்பது.
சுவரை இடித்தோம்.
உடைந்த விளிம்பில் பூச்சுமேல் பூச்சு:
வெள்ளை, காய்ந்த ரத்தச் சிவப்பு, பச்சை,
மறுபடி பச்சை, எலிசியோவின் நீலம்.
இருபத்துமூன்று வரை எண்ணினேன்.
என் ஆள் ஹசிந்தோ மணியைக் காட்டினான்.

பெட்டிமேல் அம்பு வரைய வேண்டும்,
இந்தப் பக்கம் மேலே என்று.
எப்போதும் அவளைத்தான் கேட்பேன்.
வாயால் சொல்ல மாட்டாள்.
கல்லில் உள்ளங்கையை வைப்பாள்.
வைத்த இடம் மேல்.

இந்த முறை
தூரிகையை நனைத்துக்கொண்டு
சுற்றிச் சுற்றி வந்தேன்.
மழை பிடித்துக்கொண்டது.
நாலு பக்கமும் அம்பு போட்டேன்,
ஒவ்வொன்றும் ஒரு திசைக்கு.
கொருன்யாவில் இறக்குபவர்கள்
திட்டட்டும்.