துணியில்லாக் குடை

மூன்றே மாதத்துக்கு என்றுதான் வைத்தார்கள்,
இடுப்பு முறிந்த குளிர்காலத்தில்,
தொப்புளுக்குப் பின்னே பெருஞ்சிரைக்குள்.

எடுக்க வரச்சொன்ன கடிதம்
பழைய வீட்டுக்குப் போய்விட்டது.
ஆறு வருடம்
த்ரொம்ஸோ சாலைகளில் பனி தள்ளினாள் டோர்டிஸ்,
உள்ளே ஆறு கம்பிகள் விரிந்தபடி.

இன்று
கழுத்து வழியே இறங்கிய சுருக்கு
மூன்றாம் முறைதான் கொக்கியில் மாட்டியது.
"இழுக்கிறேன்" என்றார் டாக்டர்.
கொஞ்சம் இருமல் வந்தது, அவ்வளவுதான்.

எஃகுத் தட்டில் கிடந்தது.
ஒரு கால் வளைந்திருந்தது.
இடுக்கில், கறுத்து இறுகி,
காப்பிக்கொட்டை அளவில் ஓர் உறைவு.

எப்போது வந்து சிக்கியதோ.
எந்தச் செவ்வாய்க்கிழமை
தனக்கே தெரியாமல்
சாகாமல் போனாளோ.

"வண்டி ஓட்ட எத்தனை நாளாகும்?
நாளைக்கு நாற்பது சென்டிமீட்டராம் பனி."